தூணும் இழையும்

மருத்துவமனையின் மூன்றாம் மாடிக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை. யாரோ ஒரு அட்டையில் தடித்த பேனாவால் 'தண்ணீர் வராது' என்று கிறுக்கி, கதவில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கமாக வந்த இயக்குநர் அட்டைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். கூட வந்தவர்கள் தண்ணீருக்கு ஒரு வழி பிறந்துவிட்டது என்று நினைத்தார்கள். இயக்குநர் திரும்பி, தண்ணீர் இல்லை என்பதைக்கூட இவ்வளவு அசிங்கமாகவா எழுதுவது என்று கேட்டார்.

எழுத்துச் சீர்திருத்தம் அப்படித்தான் தொடங்கியது. தண்ணீர் கடைசிவரை வரவில்லை.

உடனே ஒரு கண்ணியக் குழு அமைக்கப்பட்டது. ஆஸ்பத்திரி முழுக்க ஒரே எழுத்துருவில் இருக்க வேண்டும், அதைப் பார்த்தவுடன் நோயாளிக்கு ஒரு மரியாதை வர வேண்டும், யார் மேல் என்பது பிறகு முடிவு செய்யப்படும் என்று குழு தீர்மானம் போட்டது. வெளியிலிருந்து ஓர் அழகியல் ஆலோசகரை வரவழைத்தார்கள். வாசனைத் திரவியப் புட்டிகளுக்கும் கைக்கடிகாரப் பெட்டிகளுக்கும் பெயர் எழுதிப் பேர் வாங்கியவர். மேலிருந்து கீழ்வரை கறுப்பு உடைதான் போடுவார். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதெல்லாம் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொள்வார். நோய்க்குப் பயந்து இல்லை, சுவர்களைப் பார்த்து.

புதிய எழுத்தின் அறிமுக விழாவுக்கு நாற்காலி காலியாக இருக்கக் கூடாதென்று ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களையும் கூட்டிப்போய்ப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். பஞ்சு அப்படித்தான் அங்கே போனார். பஞ்சு என்பது அவருடைய பெயரில்லை. எந்தப் பள்ளத்தில் இறக்கினாலும் உள்ளே படுத்திருப்பவருக்கு அலுங்காமல் வண்டி ஓட்டுவார் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம். இடுப்பெலும்பு உடைந்த ஒரு கிழவி ஒரு தடவை இறங்கும்போது, இன்னும் வண்டியை எடுக்கவில்லையா என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. அந்தக் கதையை அவர் மறுத்ததில்லை.

விளக்கை அணைத்தார்கள். திரையில் இரண்டாள் உயரத்துக்கு ஓர் 'அ' வந்து நின்றது.

பஞ்சு அசந்துபோனார். நேர்க்கோடு தூண் மாதிரித் தடித்து நின்றது. வளையப் போகும் இடத்தில் மெலிந்து, இன்னும் மெலிந்து, ஒற்றைத் தலைமுடியாகி, முறிந்துவிடுமோ என்று நினைக்கும் நேரத்தில் மறுபடி பருத்து இறங்கியது. சுழியின் முனையில் சொட்டப் போகும் நீர்த்துளி போல ஓர் உருண்டை. அடியில் சவரக்கத்தியால் கீறியது போல மெல்லிய படுகோடு, அதன்மேல் முழு எழுத்தும் அலட்சியமாகக் கால் வைத்திருந்தது. இவ்வளவு நாளும் தான் எழுதிக்கொண்டிருந்தது எழுத்தே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. பக்கத்தில் இருந்த ரேடியோவிடம், ரொம்ப நல்லா இருக்குய்யா என்று சொன்னார். ரேடியோ அவருடைய வண்டியில் உதவியாளர். வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். அவரும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

இயக்குநர் ஒலிபெருக்கி முன் வந்தார்.

"இந்த எழுத்துல தடிச்ச பகுதி ஒண்ணு இருக்கு, மெலிஞ்ச பகுதி ஒண்ணு இருக்கு. தடிச்சது நிர்வாகம். மெலிஞ்சது பொதுமக்கள். ரெண்டும் சேர்ந்தாத்தான் எழுத்து. ஆனா தூரத்துல இருந்து பார்க்கிறப்போ எது தெரியணும்ங்கறதை நம்ம ஆலோசகர் ரொம்ப அழகா முடிவு பண்ணியிருக்கார்."

கைதட்டல் அடங்கியதும் தலைமை நர்ஸ் எழுந்து, மருந்துச் சீட்டில் சின்னதாகப் போட்டால் இந்த இழையெல்லாம் தெரியுமா என்று கேட்டார். சின்னதாகப் போட்டால் இந்த எழுத்து வருத்தப்படும் என்றார் ஆலோசகர். சின்ன அளவுக்கென்றே இழைகளைக் கொஞ்சம் தடிக்கவிட்ட வடிவம் ஒன்றும் இதே குடும்பத்தில் இருப்பதாக ஒப்புக்கொண்டார். ஆனால் அது விருந்தாளி வரும்போது உள்ளே அனுப்பிவிட வேண்டிய உறவுக்காரர் மாதிரி, அதை நாம் வாங்கவில்லை என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

அந்த எழுத்தை அதற்குப் பிறகு யாரும் இரண்டாள் உயரத்தில் பார்க்கவில்லை.

பலகைகள் வந்து இறங்கியபோது அடுத்த சிக்கல் வந்தது. முன்வாசல் வளைவுக்கு மேல் இருந்த இடத்தில் 'அவசர சிகிச்சைப் பிரிவு' கொள்ளவில்லை. ஆலோசகர் அந்தச் சொல்லையே குறைசொன்னார். வளைவு அதிகம், மூச்சிரைக்கிறது, பார்ப்பதற்குப் பதற்றமாக இருக்கிறது. 'நிர்வாகம்' என்று போட்டுப் பார்த்தார்கள். தைத்துப் போட்ட சட்டை மாதிரிப் பொருந்தியது. ஆகவே நிர்வாகம் முன்வாசலுக்கு வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவு, நீளமான சுவர் இருந்த பின்பக்கத்துக்குச் சலவைக்கூடத்தின் பக்கத்தில் போனது. பிறகு ஒவ்வொரு பிரிவையும் அதன் பெயரின் நீளம் பார்த்து இடம் மாற்றினார்கள். காது மூக்கு தொண்டைக்காரர்களுக்கு ஒரு நடைபாதை முழுதாகக் கிடைத்தது. பல் வைத்தியர் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறைக்குள் நாற்காலியோடு குறுகினார். பலகை சரியாக இல்லை என்று தோன்றினால் மறுபடி மாற்றினார்கள். நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் நகர்த்தலாம், சுவரை நகர்த்த முடியாதே என்று இயக்குநர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

மாற்றங்களைப் பற்றிச் சுற்றறிக்கை விடாமல் இல்லை. அதையும் புதிய எழுத்தில்தான் அடித்தார்கள். நகலெடுத்து, நகலுக்கு நகலெடுத்து, ஓட்டுநர் அறைச் சுவருக்கு வந்து சேர்வதற்குள் இழைகளெல்லாம் உதிர்ந்துபோயின. தூண்கள் மட்டும் வரிசையாக நின்றன. பிஸ்கட் பொட்டலத்தின் முதுகில் இருக்கும் கோடுகள் மாதிரி இருக்கிறது, கடைக்காரர் மெஷினில் காட்டினால் விலை சொல்லும் என்றார் ரேடியோ.

மறுநாள் காலையில் பஞ்சு நெஞ்சுவலிக்காரப் பெண்மணி ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தார். பழக்கமாக நிற்கிற முன்வாசலில் காவலாளி, இது நிர்வாகம், பின்னால் போங்கள் என்று கையைக் காட்டினார். பின்னால் போனால் நீளமான சுவரில் இரண்டு வாசல்கள், இரண்டின் மேலும் பலகைகள். வெயிலில், ஓடும் வண்டியிலிருந்து பார்த்தபோது இரண்டிலும் சில கறுப்புக் கட்டைகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆடு நுழையாமல் அடித்துவைத்த வேலி மாதிரி இருந்தது. பஞ்சு முதல் வாசலில் நிறுத்தினார். கதவைத் திறந்ததும் ஆவி அடித்தது. துணிமூட்டைகளுக்கு நடுவிலிருந்து சலவைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"விரிப்பை மட்டும் குடுங்க. ஆளோட நாங்க வாங்கறதில்ல."

ஸ்ட்ரெச்சரை மறுபடி ஏற்றி, வண்டியைப் பின்னால் எடுத்து, அடுத்த வாசலுக்குப் போனார்கள். அந்தப் பெண்மணி பிழைத்துக்கொண்டார். வைத்தியத்தால் என்பதைவிடப் பிடிவாதத்தால். ஆனால் அவருடைய மகன் புகார் கொடுத்துவிட்டார்.

விசாரணையில் மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநரும் ஆலோசகரும் ஒரு எழுத்தரும் இருந்தார்கள். இந்தப் பக்கம் நாற்காலி போடவில்லை.

"சலவைக்கு ஏன்யா போனீங்க?"

"போர்டு தெரியலை சார்."

இயக்குநர் எழுத்தர் பக்கம் திரும்பினார். "எழுதிக்கங்க. ஓட்டுநருக்குக் கண் தெரியலை."

"கண்ணெல்லாம் நல்லாத் தெரியுது சார். போர்டுதான் தெரியலை."

"போர்டு தெளிவா இருக்கு, நானே பார்த்தேன்" என்றார் ஆலோசகர்.

"எங்கேருந்து பார்த்தீங்க சார்?"

"என் கம்ப்யூட்டர்ல."

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்குக் கண் கெட்டிருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று இயக்குநர் உருக்கமாகப் பேசினார். நல்லவேளையாக எழுத்து அதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது என்றார். கண் பரிசோதனையில் தேறும்வரை பஞ்சு ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

கண் பிரிவைக் கண்டுபிடிக்கவே அவருக்கு அரை நாள் ஆயிற்று. கண் பிரிவின் பலகையும் அதே எழுத்தில்தான் இருந்தது. அதைப் படிக்க முடிந்தவர்களுக்கு உள்ளே போக வேண்டிய தேவை இல்லை. படிக்க முடியாதவர்கள் பக்கத்துத் தோல் பிரிவில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கண் டாக்டர் களைத்துப்போன ஒரு பெண். பஞ்சுவை ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு கண்ணை மூடச் சொன்னார். எதிர்ச் சுவரில் எழுத்தட்டை. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே எழுத்து என்ற தீர்மானப்படி அதையும் மாற்றியிருந்தார்கள். உச்சியில் இருந்த பெரிய எழுத்தைப் பஞ்சு ஒரே மூச்சில் படித்தார். அடுத்த வரியில் தடுமாறினார். அதற்கடுத்த வரிக்கு வந்தபோது மூடிய கண்ணையும் திறந்துவிட்டார்.

"என்ன தெரியுது, சொல்லுங்க."

"கட்டைங்க. ஒரு கட்டை, பக்கத்துல இன்னொரு கட்டை. கீழே போகப்போக குச்சிங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். இந்த மாதம் வந்தவர்கள் எல்லாருமே கட்டை என்றுதான் சொல்கிறார்கள் என்று சலிப்பாகச் சொன்னார். இரண்டு மருத்துவர்கள்கூடச் சொல்லியிருக்கிறார்கள்.

"உங்களுக்குத் தெரியுதாம்மா?"

டாக்டர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெரியாது. மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்."

"அப்போ நானும் மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிச்சிரட்டுமா?"

"டாக்டர் மனப்பாடம் பண்ணினா அதுக்குப் பேர் அனுபவம். நீங்க பண்ணினா மோசடி."

பஞ்சுவுக்கு ஒரு தடித்த கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டால் தூண்கள் இன்னும் தடித்தன, தலையும் வலித்தது. கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஓட்டுநர் வேலை போனவருக்கு ஒரு புது வேலை உருவாக்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிற ஜனங்கள் எங்கே போவதென்று தெரியாமல் கண்ணைக் கட்டி விட்டது போல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் முன்வாசலில் ஒரு வாசிப்பு உதவியாளர் தேவைப்பட்டார். கேட்கிறவர்களுக்கு எந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். கண் தெரியாது என்று சான்றிதழ் கொடுத்த ஆளையே அந்த வேலையில் போட்டார்கள். அதில் யாருக்கும் எந்த நெருடலும் இல்லை. பஞ்சு தினமும் விடிந்ததும் ஒரு சுற்றுச் சுற்றி, எந்தப் பிரிவு எங்கே போயிருக்கிறது என்று கதவைத் தட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து நிற்பார். பிரசவத்துக்கு எங்கே, எலும்புக்கு எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் வழி சொன்னார். உரக்கச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. பலகைக்குக் கீழே நின்று கத்தினால் எழுத்தின் அமைதி கெடுகிறதாம்.

பிறகு பலகைகளுக்கு முன்னால் தரையில் மஞ்சள் பாதங்கள் வரைந்தார்கள். அந்த எழுத்தை ரசிப்பதற்குச் சரியான தூரம் அதுதான் என்று ஆலோசகர் அளந்து சொன்னது. காலை அதன்மேல் பொருத்தி நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் இழைகள் தெரியக்கூடும். வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவர்களையும் காவலாளி பாதத்தில் நிற்கவைத்துப் படிக்கச் சொன்னார். வண்டிகளுக்கு ஒரு மஞ்சள் கோடு. ஓட்டுநர் கோட்டில் நிறுத்தி, இறங்கி, படித்துவிட்டு ஏற வேண்டும்.

மருந்துச் சீட்டுகள் வேறு ரகம். ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே சிறிய சீட்டில் பெரிய வித்தியாசம் மிஞ்சவில்லை. தலைமை நர்ஸ் ஒவ்வொரு சீட்டின்மேலும் தடித்த பேனாவால் மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். எழுத்துக்குச் சேதம் விளைவித்ததாக அவருக்கு ஓலை போனது. பேனாவையும் பறிமுதல் செய்தார்கள்.

ஆண்டு விழாவில் இயக்குநர் கண்ணீர் மல்கப் பேசினார். "நம்ம மக்கள்ல முக்காவாசிப் பேருக்குப் பார்வை இல்லைங்கிற உண்மையை இந்த எழுத்துதான் வெளிய கொண்டுவந்திருக்கு. முன்னாடி இருந்த எழுத்து நோயை மறைச்சு வச்சிருந்துச்சு. எல்லாராலும் படிக்க முடிஞ்சதால யாருக்குக் கண் கெட்டிருக்குன்னே தெரியாமப் போச்சு."

இந்தச் சாதனைக்காக ஆஸ்பத்திரியின் பெயர் ஒரு வடிவமைப்பு விருதுக்குப் போயிருந்தது. நடுவர்கள் நேரில் பார்க்க வரப்போகிறார்கள் என்று சொன்னார்கள்.

பஞ்சுவின் கவலை வேறு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஓட்டுநர் குடியிருப்பில் ஒன்றரை அறை வீடு அவர்களுடையது. அது ஓட்டுகிறவர்களுக்குத்தான். வாசிக்கிறவர்களுக்கு அப்படி ஏற்பாடு இல்லை. மறுபரிசோதனையில் தேறி வண்டியை எடுத்தால் இருக்கலாம். இல்லையென்றால் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். அவருடைய மனைவி பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறவர். இதைக் கேட்டதும் அழவில்லை, ஆத்திரமும் படவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அந்த அட்டையில என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்க முடியுமா, முடியாதா?"

"அது மோசடியாம்."

"ஏங்க, படிக்காமலே மேல ஏறினவங்க எல்லாம் அங்கே மேசை போட்டு உக்காந்திருக்காங்க. நீங்க படிச்சிட்டுப் போறீங்க. அதுல என்ன மோசடி?"

ரேடியோ மறுநாளே கண் வலி என்று போய் உட்கார்ந்து, டாக்டர் திரும்பிய நேரம் பார்த்து அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். படத்தை இரண்டு விரலால் விரித்துவிரித்துப் பார்த்தால் இழைகள் மெல்ல வெளியே வந்தன. அத்தனை வளைவுகளும் சுழிகளும் அங்கேதான் இருந்திருக்கின்றன. அவை தெரியவந்தபோது பஞ்சுவுக்கு மறுபடி அந்த எழுத்து பிடித்துப்போயிற்று. நல்ல எழுத்துதான்யா, இதைக் கொண்டுபோய் எங்கே வச்சிருக்காங்க பாரு என்றார். மனைவி ஒரு தாளில் வரிவரியாக எழுதிக்கொண்டார். பாத்திரம் விளக்கிக்கொண்டே கேள்வி கேட்டார். மூணாவது வரி, கடைசியிலிருந்து ரெண்டாவது என்பார். பஞ்சு யோசித்துச் சொல்வார். தப்பாகச் சொன்னால், வீட்டைக் காலி பண்ணியாச்சு, பெட்டியைக் கட்டுங்க என்பார். ஒரு வாரத்தில் அவருக்கு முழுதும் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. மனைவிக்கு அதற்கும் முன்பே.

மறுபரிசோதனைக்கு இயக்குநரே வந்துவிட்டார். நடுவர்கள் வருகிற சமயத்தில் கண் குணமான ஓட்டுநர் ஒருவர் கைவசம் இருந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியிருந்தது. ஆலோசகரும் கைக்குட்டையோடு வந்து அமர்ந்தார், எழுத்தரும் நோட்டோடு கூட வந்திருந்தார். கண் டாக்டர் சுவரோரம் நின்றார். பஞ்சுவை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கண்ணைப் பொத்தி, ஆரம்பிக்கச் சொன்னார்கள்.

எதிர்ச் சுவரில் அட்டை இல்லை.

ஆணி இருந்தது. அட்டை தொங்கிய இடத்தில் சுண்ணாம்பு மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. விருதுக்காரர்கள் பார்க்கட்டும் என்று காலையில்தான் அதைத் தங்கச் சட்டம் போடக் கொண்டுபோயிருந்தார்கள். பஞ்சு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சுவரைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். இயக்குநரும் ஆலோசகரும் சுவருக்கு முதுகு காட்டிப் பஞ்சுவின் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். அட்டை தெரியவில்லை என்று இப்போது வாயைத் திறந்தால் எழுத்தர் என்ன எழுதுவார் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் வெற்றுச் சுவரைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார். முதல் வரி, இரண்டாம் வரி, கட்டைகளாக இருந்த மூன்றாம் வரி. கடைசி வரிக்கு வந்தபோது கண்ணைக் கொஞ்சம் இடுக்கிக்கொள்ளவும் மறக்கவில்லை. அப்படி இடுக்கியது மிகவும் நன்றாக இருந்ததாகப் பிறகு ரேடியோவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"பார்த்தீங்களா?" என்று இயக்குநர் எழுந்தார். "எழுத்துல ஒரு குறையும் இல்லை. பார்க்கிறவங்க மனசு வைக்கணும், அவ்வளவுதான்."

ஆலோசகர் அப்போதுதான் திரும்பிச் சுவரைப் பார்த்தார். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுத்தைச் சுற்றி இப்படி வெள்ளையை விடுவதற்குத்தான் தைரியம் வேண்டும் என்றார்.

சாவி அன்றைக்கே கைக்கு வந்தது. மனைவி கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்து, தட்டுகளை அலமாரியில் அடுக்கினார். பஞ்சு வண்டியைக் கழுவித் துடைத்தார்.

மறுநாள் மதியம் ஒரு குழாய் ரிப்பேர்க்காரரை எடுக்கப் போனார்கள். பஞ்சு வயதுதான் இருக்கும். வேலை செய்துகொண்டிருந்த வீட்டிலேயே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய மனைவி கூட ஏறினார். அவசரத்தில் கழற்றிய கணவரின் செருப்புகளைக் கையிலேயே பிடித்திருந்தார். பஞ்சு வேகமாகவும் ஓட்டினார், அலுங்காமலும் ஓட்டினார். ரேடியோ பின்னால் ஆக்சிஜனைப் பொருத்திக்கொண்டு, கவலைப்படாதீங்கம்மா, இவர் ஓட்டினா தண்ணி டம்ளர்கூடத் தளும்பாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவசர சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது என்று பஞ்சுவுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வாரமாக அவர்தானே எல்லாருக்கும் சொன்னார். பின்பக்கம், நீளமான சுவர், சலவையைத் தாண்டி இரண்டாவது வாசல்.

நேரே அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். கதவு திறந்ததும் சில்லென்று காற்று வந்தது. உள்ளே இருந்து ரப்பர் ஏப்ரன் கட்டிய ஓர் ஆள் நிதானமாக வந்து, ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவரின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தார்.

"இவர் இன்னும் மூச்சு விடுறாரே" என்று பஞ்சுவின் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

காலையில்தான் மாற்றினார்களாம். நடுவர்கள் வருவதால் அந்த நீளச் சுவரில் ஒரு சின்னச் சொல்லை வைத்துச் சுற்றிலும் வெள்ளையாக விடலாம் என்று ஆலோசகர் ஆசைப்பட்டாராம். பிணவறை அங்கே வந்துவிட்டது. அவசரப் பிரிவு எங்கே போனது என்று ஏப்ரன்காரருக்குத் தெரியவில்லை. மாடி என்று பேசிக்கொண்டார்கள், எந்த மாடி என்று போர்டைப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

பஞ்சு வண்டியை எடுத்தார். முன்வாசலில் வழி கேட்கலாம் என்று போனார். வாசிப்பு உதவியாளர் நிற்கும் இடம் காலியாக இருந்தது. நேற்றுவரை அங்கே நின்றவர் அவர்தான், அவருக்குப் பதில் இன்னும் யாரையும் போடவில்லை. காவலாளி மஞ்சள் கோட்டில் நிறுத்தி இறங்கிப் படிக்கச் சொன்னார். பஞ்சு இறங்கினார், பார்த்தார், கட்டைகள் நின்றன. கிழக்குப் பக்கச் சாய்தளத்தில் ஏற்றினார், அங்கே பல் வைத்தியர் இருந்தார். மேற்கே போனார், அங்கே சமையல்கட்டு. சமையல்காரர் மாடி என்று கை காட்டிய பக்கம் படிக்கட்டுதான் இருந்தது, சாய்தளம் இல்லை. மறுபடி வண்டியைத் திருப்பும்போது ரேடியோ பின்னாலிருந்து நடுவில் உள்ள சின்ன ஜன்னலைத் தட்டினார். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர், வாயை ஜன்னலுக்கு ஒட்டவைத்துக்கொண்டார்.

"அண்ணே. மெதுவாவே போங்க. இனிமே அவசரமில்லை."

அந்த அம்மாவிடம் சொல்லவில்லை என்று கண்ணாலேயே காட்டினார். பஞ்சு பின்பக்கத்துக்கே திருப்பினார். வேறு எங்கே போவது.

நீளமான சுவருக்கு முன்னால் இப்போது ஒரு சின்னக் கூட்டம். நடுவர்கள் வந்துவிட்டார்கள். இயக்குநர் புது உடையில் இருந்தார், பக்கத்தில் எழுத்தர். ஆலோசகர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டிருந்தார். எல்லாருமே மஞ்சள் பாதங்களில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் இயக்குநரின் முகம் மலர்ந்தது. தூரத்திலிருந்து படிக்க முடியாது என்று சிலர் பொறாமையில் கிளப்பிவிடுகிறார்கள் என்று நடுவர்களிடம் சொன்னார். இதோ, எங்கள் ஓட்டுநர், ஒரு காலத்தில் இவருக்கே கண் சரியில்லை, இப்போது வண்டியில் உட்கார்ந்தபடியே படிப்பார் என்றார்.

பின்கதவு திறந்து அந்த அம்மா இறங்கினார். கையில் செருப்புகள். சுவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், இவ்வளவு பெரிய மனிதர்கள் வரிசையாக நின்று வரவேற்பதைப் பார்த்தார். கொஞ்சம் தெம்பு வந்தது போல இருந்தது. ஓட்டுநர் இருக்கை ஜன்னலுக்கு வந்து கேட்டார்.

"இதுதானே அண்ணே அவசர வார்டு? என்ன எழுதியிருக்கு, எனக்கு ஒண்ணும் புரியலை."

"சொல்லுங்க, சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சத்தமாச் சொல்லுங்க" என்றார் இயக்குநர்.

பஞ்சு பலகையை நிமிர்ந்து பார்த்தார். வெள்ளைச் சுவரின் நடுவில் சில கறுப்புத் தூண்கள். ரேடியோ பின்னால் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடி தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்பது போல. தெரியவில்லை சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகலாம். அலமாரியில் அடுக்கிய தட்டுகள் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்து போயின. இயக்குநர் புன்னகையோடு காத்திருந்தார். எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"பிணவறை" என்று பஞ்சு படித்தார். குரல் பிசிறில்லாமல் வந்தது.

அந்த அம்மா கையிலிருந்த செருப்புகளைக் குனிந்து தரையில் வைத்தார். ஒன்று சாய்ந்திருந்தது, அதையும் நேராக்கி ஜோடியாக வைத்தார். பிறகு அப்படியே அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நடுவர்களில் ஒருவர் வண்டியிலிருந்து பலகைவரை காலடி வைத்து நடந்து, தூரத்தை அளந்து குறித்துக்கொண்டார்.